மறதிக்கார நண்பரும் நமது கேலியும்



வல்ல அல்லாஹ்வைப் புகழ்ந்து, அவனுடைய திருத்தூதர் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீது ஸலவாத்துச் சொல்லி, இம்மாதம் ஒரு சின்ன விஷயத்தைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறோம். சின்ன விஷயம் என்றுதான் நாமும் பல வருடங்களாக எண்ணியிருந்தோம். நம் பள்ளிவாசலின் தொழுகை வரிசையில் ஒருவருடைய இடம் பத்து நாள் காலியாகக் கிடந்த பிறகுதான் அது அத்தனை சின்னதல்ல என்று விளங்கியது.

ஒவ்வொரு மஹல்லாவிலும் ஒரு மறதிக்காரர் இருப்பார். அவரைக் கேலி செய்யாத ஊரும் இராது. அந்தக் கேலியில் பிரியம் எவ்வளவு, பரிகாசம் எவ்வளவு என்று நாம் நிறுத்துப் பார்ப்பதில்லை. அதைத்தான் இன்று நிறுத்துப் பார்க்கப் போகிறோம்.

மனிதன் என்பதற்கு அரபியில் ‘இன்ஸான்’ என்கிறோம். இந்தச் சொல் எதிலிருந்து பிறந்தது என்பதில் மொழி அறிஞர்களிடையே இரண்டு கருத்துக்கள் உண்டு. ‘நிஸ்யான்’ என்னும் மறதியிலிருந்து பிறந்தது என்பார் சிலர். நம் தந்தை ஆதம் அலைஹிஸ்ஸலாம் அவர்களிடம் வாக்கு வாங்கப்பட்டது; அவர்கள் மறந்தார்கள் என்று திருமறையின் தாஹா அத்தியாயம் கூறுகிறது. வேறு சிலரோ, ‘உன்ஸ்’ என்னும் நேசத்திலிருந்து, பழகும் குணத்திலிருந்து பிறந்தது என்பார்கள். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நாம் வரவில்லை. ஆனால் நம் ஒவ்வொருவரிடமும் மறதியும் இருக்கிறது, நேசமும் இருக்கிறது. ஒருவரின் மறதியை இன்னொருவரின் நேசம் தாங்கிக்கொண்டால்தான் குடும்பமும் நடக்கும், ஜமாஅத்தும் நடக்கும்.

நம் நண்பர்

ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் சாலையில் பருத்திப்பட்டு இருக்கிறது. அங்குள்ள ஏரியின் கரையை 2019-ம் ஆண்டு பூங்காவாக ஆக்கினார்கள். காலையிலும் மாலையிலும் பெரியவர்கள் நடக்க வருவார்கள். நாமும் போவதுண்டு. நம்முடன் நடக்க வருபவர்களில் ஒருவர், ஆவடியில் தொழிற்சாலையொன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெயர் வேண்டாம். அவருடைய மறதி மட்டும் அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும்.

ஒரு நாள் இரவு டீக்கடைக்கு சைக்கிளில் போனவர் நடந்தே வீடு திரும்பிவிட்டார். காலையில் எழுந்து சைக்கிளைக் காணோம் என்று வீட்டையே இரண்டு பண்ணிவிட்டு, புகார் கொடுக்கப் புறப்பட்டார். வழியில் டீக்கடைக்காரர் கூப்பிட்டு, “பாய், உங்க சைக்கிளுக்கு ஒரு டீ போடட்டுமா? ராத்திரி பூரா நின்னுக்கிட்டே இருக்கு” என்றாராம்.

கைபேசியைக் காணோம் என்று ஒருமுறை நம்மிடம் முறையிட்டார். எப்படி முறையிட்டார் தெரியுமா? அந்தக் கைபேசியிலேயே பேசித்தான். “சரி பாய், கிடைச்சா உங்களுக்கு போன் பண்றோம்” என்று நாமும் ஆறுதல் சொன்னோம்!

அவர் வீட்டார் சாமான் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். சீட்டு மேஜையிலேயே தங்கிவிடும். அதற்காகச் சட்டைப் பையில் ஊசி போட்டுக் குத்தி அனுப்பினார்கள். அவர் சட்டையை மாற்றிக்கொண்டு போய்விட்டார். ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் நமக்கு இரண்டு தடவை ஸலாம் சொல்வார். ஒரு மரம் இடையில் மறைத்து மீண்டும் சந்தித்தாலும் ஸலாம் சொல்லும்படி ஹதீஸ் இருக்கிறதே என்று நாமும் இரண்டு தடவை பதில் சொல்வோம்.

ஒரு சமயம் நம்மிடம் கைமாற்றாக வாங்கிய ஆயிரம் ரூபாயைத் திருப்பித் தந்தார். ஒரு வாரம் கழித்து மறுபடியும் ஆயிரம் ரூபாயுடன் வந்து நின்றார். “இது எதுக்கு பாய்?” என்றோம். “உங்க கடன்” என்றார். சிரித்துக்கொண்டே அவர் பையில் திருப்பி வைத்தோம். வாங்கியதை மறக்கிறவர்கள் நிறைந்த உலகத்தில், கொடுத்ததை மறக்கும் மனிதர் அவர்.

இதற்கெல்லாம் சேர்த்து அவருக்கு ‘ஞாபகசாலி பாய்’ என்று ஒரு பெயர் வைத்தோம். வைத்தது வேறு யாருமல்ல, நாமேதான். அவரும் சிரித்தார். அப்போது அவர் மனமாரச் சிரித்தார் என்றே இப்போதும் நம்புகிறோம்.

நாயகம் (ஸல்) அவர்களின் விளையாட்டுப் பேச்சு

கேலியே கூடாது என்று நம் மார்க்கம் சொல்லவில்லை. பெருமானார் (ஸல்) அவர்கள் தோழர்களுடன் விளையாட்டாகப் பேசியிருக்கிறார்கள். ‘தாங்களும் எங்களோடு விளையாட்டாகப் பேசுகிறீர்களே’ என்று ஸஹாபாக்கள் வியந்து கேட்டபோது, தாம் உண்மையைத் தவிர வேறெதையும் சொல்வதில்லை என்று விளக்கினார்கள். இது திர்மிதியில் இருக்கிறது.

சவாரிக்கு ஓர் ஒட்டகம் கேட்டு வந்தவரிடம், ஒட்டகக் குட்டி ஒன்று தருவதாகச் சொன்னார்கள். குட்டியை வைத்து நான் என்ன செய்வேன் என்று அவர் திகைத்தார். எந்த ஒட்டகமும் ஓர் ஒட்டகத்தின் குட்டிதானே என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். பாருங்கள்! அதில் பொய் இல்லை. யாருடைய குறையும் இல்லை. கேட்டவருக்கு ஒட்டகமும் கிடைத்தது, சிரிப்பும் கிடைத்தது.

அனஸ் (ரலி) அவர்களின் கதை நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது. சிறுவராக வந்து பத்து ஆண்டுகள் நாயகத்துக்குப் பணிவிடை செய்தவர்கள். ஒரு நாள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு வேலையாக அனுப்புகிறார்கள். சிறுவர் புறப்பட்டார். கடைத்தெருவில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். கால் அங்கேயே நின்றுவிட்டது. நம் வீட்டுப் பிள்ளையைக் கடைக்கு அனுப்பினால் என்ன நடக்குமோ அதுதான்!

நேரமாயிற்று. பின்னாலிருந்து ஒரு கை பிடரியைப் பிடித்தது. திரும்பிப் பார்த்தால் நாயகம் (ஸல்) அவர்கள்! சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். ‘உனைஸ்’ என்று செல்லமாக அழைத்து, சொன்ன இடத்துக்குப் போனாயா என்று கேட்டார்கள். இதோ போகிறேன் என்றார் சிறுவர். அவ்வளவுதான். முஸ்லிம் ஷரீபில் வரும் இந்தச் செய்தியை அனஸ் (ரலி) அவர்களே சொல்கிறார்கள். பத்து ஆண்டுகளில் ஒரு தடவைகூடத் தம்மை ‘சீ’ என்று சொன்னதில்லை, ஏன் செய்தாய், ஏன் செய்யவில்லை என்று கடிந்ததில்லை என்றும் அவர்களே சொல்கிறார்கள்.

அந்தப் பிடரியைப் பிடித்த கையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வலிக்கப் பிடித்த கையல்ல. நினைவூட்ட வந்த கை. அனஸ் (ரலி) அவர்கள் முதுமை எய்திய பிறகும் அந்தச் சம்பவத்தை ஆசையோடு சொல்லும்படி அல்லவா அது இருந்திருக்கிறது!

பட்டப்பெயரும் அப்படித்தான். அலீ (ரலி) அவர்கள் மனவருத்தத்துடன் பள்ளியில் வந்து படுத்திருந்தபோது, மேலாடை நழுவி முதுகெல்லாம் மண் ஒட்டியிருந்தது. நாயகம் (ஸல்) அவர்கள் வந்து, தம் கையாலேயே மண்ணைத் தட்டிவிட்டு, ‘அபூ துராப்’, அதாவது மண்ணின் தந்தையே, எழுந்திரும் என்றார்கள். அலீ (ரலி) அவர்களுக்கு அதைவிடப் பிரியமான பெயர் வேறில்லை. பெயர் வைத்த வாய் எதுவோ, மண்ணைத் தட்டிவிட்ட கையும் அவர்களுடையதே. நாம் பெயர் மட்டும் வைக்கிறோம். மண்ணைத் தட்டிவிடுகிறோமா?

செருப்பு காணாமற்போன இரவு

இனி நம் தவறுக்கு வருகிறோம்.

ஓர் இரவு இஷா தொழுகை முடிந்தது. வாலிபப் பிள்ளைகள் சிலர் விளையாட்டாக நம் நண்பரின் செருப்பை எடுத்து, உளூச் செய்யும் இடத்துக்குப் பின்னால் ஒளித்துவிட்டார்கள். அவர் வாசலில் வந்து தேடினார். படியில் தேடினார். உள்ளே போய்த் தேடினார். “பாய், வீட்டிலேர்ந்து வெறுங்காலோட வந்திருப்பீங்க, நல்லா யோசிங்க” என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். செருப்பு எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. சிறிது நேரத்தில் பிள்ளைகளே கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்தோம். அதற்குள் அவர் வெறுங்காலோடு இருட்டில் நடந்து போய்விட்டார்.

மறுநாள் செருப்பு அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் பள்ளிக்கு வரவில்லை. ஏரிக்கரைக்கும் வரவில்லை. வழக்கம்போல் மறந்திருப்பார் என்று அதற்கும் ஒரு கேலி பேசினோம். பத்து நாள் ஆயிற்று. ஒரு ஜும்ஆவும் போயிற்று. அன்றைக்கு அஸருக்குப் பிறகு அவர் வீட்டுக்குப் போனோம்.

வரவேற்றார். தேநீர் வந்தது. “பள்ளிப் பக்கம் காணோமே பாய்?” என்று கேட்டோம். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சொன்னார்:

“வரணும்னுதான் உளூ செய்யறேன் பாய். வாசல் வரைக்கும் வந்துடறேன். முன்னெல்லாம் எத்தனை ரக்அத்துன்னு சந்தேகம் வந்தா பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட கேட்டுடுவேன். இப்ப கேக்க பயமா இருக்கு. சிரிப்பாங்க. செருப்பு போனா போகுது, அது பெரிசில்லை. அன்னிக்கு ராத்திரி நடந்து வர்றப்ப, நிஜமாவே நான் வெறுங்காலோடதான் வந்தேனோன்னு எனக்கே தோணிடுச்சு. என் புத்தி மேல எனக்கே நம்பிக்கை போயிடுச்சு பாய். அதுதான் பயம்.”

சகோதரர்களே! நமக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. நாம் ஒளித்தது ஒரு ஜோடிச் செருப்பு என்று நினைத்திருந்தோம். ஒரு மனிதர் தம் அறிவின் மீது வைத்திருந்த கொஞ்ச நஞ்ச நம்பிக்கையை அல்லவா சேர்த்து ஒளித்துவிட்டோம்!

அபூதாவூத் ஷரீபில் ஒரு செய்தி உண்டு. நாயகம் (ஸல்) அவர்களுடன் தோழர்கள் பயணத்தில் இருந்தார்கள். ஒருவர் தூங்கிவிட்டார். வேறு சிலர் அவரிடமிருந்த கயிற்றை எடுத்தார்கள். அவர் திடுக்கிட்டுப் பயந்துபோனார். அப்போதுதான், ஒரு முஸ்லிமை இன்னொரு முஸ்லிம் பயமுறுத்துவது ஆகாது என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். சகோதரனின் பொருளை விளையாட்டுக்காகவும் எடுக்கக் கூடாது, வினையாகவும் எடுக்கக் கூடாது என்றும் அதே நூலில் வருகிறது. கயிறு என்ன விலை பெறும்? விலையைப் பார்த்தா தடுத்தார்கள்? அந்த மனிதரின் நெஞ்சு திடுக்கிட்டதைப் பார்த்தல்லவா தடுத்தார்கள்!

திருமறையின் ஹுஜுராத் அத்தியாயத்தில் அல்லாஹ் ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரைப் பரிகசிப்பதைத் தடுக்கிறான். பரிகசிக்கப்படுகிறவர்கள் இவர்களைவிட மேலானவர்களாக இருக்கக்கூடும் என்று எச்சரிக்கிறான். பெண்களுக்கும் அதைத் தனியாகவே சொல்கிறான். மனம் நோகும் பட்டப்பெயர்களால் அழைப்பதையும் தடுக்கிறான். கடனைத் திருப்பிக் கொடுத்த பிறகும் கொடுக்க வந்த மனிதரைப் பார்த்துச் சிரித்தோமே, அல்லாஹ்விடம் மேலானவர் அவரா, நாமா? சிந்தித்துப் பாருங்கள்.

நினைவூட்டும் வார்த்தை எது?

அன்று அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். பிறகு அவருக்குத் துல்யதைன் (ரலி) அவர்களின் ஹதீஸை எடுத்துச் சொன்னோம். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள பிரபலமான ஹதீஸ் அது.

ஒரு நாள் பகல் தொழுகையில், லுஹரோ அஸரோ, நாயகம் (ஸல்) அவர்கள் இரண்டு ரக்அத்திலேயே ஸலாம் கொடுத்துவிட்டார்கள். எழுந்து போய்ப் பள்ளியில் கிடந்த ஒரு மரத்தின் மீது சாய்ந்து நின்றார்கள். அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) போன்ற பெரியவர்களே வாய் திறக்கத் தயங்கினார்கள். கை நீண்டிருந்ததால் ‘துல்யதைன்’, அதாவது இரு கைகளுடையவர், என்று அழைக்கப்பட்ட ஒரு தோழர் எழுந்தார். எவ்வளவு அதபாகக் கேட்டார் பாருங்கள்: தாங்கள் மறந்தீர்களா, அல்லது தொழுகை குறைக்கப்பட்டுவிட்டதா என்றார். நீங்கள் தவறிவிட்டீர்கள் என்று சொல்லவில்லை. சட்டமே மாறியிருக்கலாமே என்று ஒரு வழியையும் சேர்த்தே வைத்தார். நாயகம் (ஸல்) அவர்கள் மக்களிடம் விசாரித்தார்கள். ஆமென்றதும் மீதி இரண்டு ரக்அத்தைத் தொழுது, இரண்டு ஸஜ்தாவும் செய்தார்கள்.

நாயகத்தின் மறதி நம் மறதி போன்றதல்ல. அதிலும் உம்மத்துக்கு ஒரு சட்டம் அருளப்பட்டது. ஆயினும் இன்னொரு சமயம் அவர்களே, தாமும் மனிதர்தாம், நீங்கள் மறப்பதுபோல் தாமும் மறக்கக்கூடும், மறந்தால் நினைவூட்டுங்கள் என்று பணிவோடு சொன்னார்கள். ஒரு தோழர் இரவில் பள்ளியில் குர்ஆன் ஓதுவதைக் கேட்டு, தமக்கு விட்டுப்போயிருந்த வசனத்தை அவர் நினைவூட்டினார் என்று அவருக்காக அல்லாஹ்வின் அருளைக் கேட்டார்கள். நினைவூட்டியவருக்கு துஆ! நாமோ மறந்தவருக்குப் பட்டப்பெயர் கொடுக்கிறோம்.

இமாம் தொழுகையில் மறந்துவிட்டால் பின்னால் நிற்பவர் என்ன சொல்ல வேண்டும்? தப்பு என்று சொல்வதில்லை. மறந்துவிட்டீர் என்றும் சொல்வதில்லை. ‘ஸுப்ஹானல்லாஹ்’ என்கிறோம். பெண்கள் கை தட்டுவார்கள். மறதியே இல்லாத தூயவன் அல்லாஹ் ஒருவனே என்று அவனைத் துதிக்கிறோம். இமாம் புரிந்துகொள்கிறார். யாருடைய முகமும் சிறுக்கவில்லை. தொழுகையும் சரியாகிறது. மறந்தவரை எப்படித் திருத்துவது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேறென்ன வேண்டும்?

ரக்அத்தின் எண்ணிக்கையில் சந்தேகம் வந்தால் அதற்கும் மார்க்கம் வழி வைத்திருக்கிறது. ஷாபிஈ மத்ஹபில், குறைந்த எண்ணிக்கையை உறுதியாக வைத்துத் தொழுது, ஸலாமுக்கு முன் மறதிக்கான இரண்டு ஸஜ்தாக்கள் செய்ய வேண்டும். ஹனபி மத்ஹபில், அடிக்கடி சந்தேகம் வருபவர் தம் மனம் எதன் பக்கம் வலுவாகச் சாய்கிறதோ அதன்படி செய்வார். எதுவும் சாயாவிட்டால் குறைந்ததை எடுப்பார். தூக்கத்தாலோ மறதியாலோ தொழுகை தப்பினால், நினைவு வந்ததும் தொழ வேண்டியதுதான். மேற்கொண்டு விவரத்தை உங்கள் பள்ளி ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நோன்பில் மறந்து சாப்பிட்டவர் நோன்பைத் தொடர வேண்டும். அவருக்கு உண்ணவும் பருகவும் கொடுத்தவன் அல்லாஹ்வே என்று ஹதீஸில் வருகிறது. இதைப் பற்றி ஹனபி சட்ட நூல்களில் எழுதியிருப்பதைக் கேளுங்கள். மறந்து சாப்பிடுகிறவர் திடகாத்திரமானவராக இருந்தால் நினைவூட்ட வேண்டும். தள்ளாத பலவீனராக இருந்தால் நினைவூட்டாமல் விடுவதே நல்லதாம்! பாவம், ரப்பு ஊட்டுகிறான், வயிறார உண்ணட்டும் என்று விட்டுவிடுகிற இந்த இரக்கத்தை என்னவென்று சொல்வது!

மறதி நோயாகும்போது

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எல்லா மறதியும் ஒன்றல்ல. சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது வேறு. சாவி எதற்கு என்பதே தெரியாமற்போவது வேறு. பழகிய தெருவில் வழி தவறுவது, கேட்ட கேள்வியையே ஐந்து நிமிடத்துக்கொரு தரம் கேட்பது, பணம் எண்ணத் தடுமாறுவது, சொந்தப் பிள்ளையை யாரென்று கேட்பது ஆகியவை விளையாட்டல்ல. 1906-ம் ஆண்டு ஜெர்மனியில் அலோய்ஸ் அல்சைமர் என்ற மருத்துவர் இத்தகைய நோயாளி ஒருவரைப் பற்றி விளக்கினார். அவர் பெயராலேயே அந்நோய் அழைக்கப்படுகிறது. ஆண்டுதோறும் செப்டம்பர் 21-ம் தேதியை அந்நோய் பற்றிய விழிப்புணர்வு நாளாக உலகெங்கும் அனுசரிக்கிறார்கள்.

எல்லா மறதிக்கும் அந்த நோய்தான் காரணம் என்று பயப்படவும் வேண்டாம். பி-12 சத்துக் குறைவு, தைராய்டுக் கோளாறு, மனச்சோர்வு, சில மருந்துகளின் பின்விளைவு ஆகியவற்றாலும் மறதி வரும். இவற்றைச் சரிசெய்ய வழியுண்டு. ஆகவே வீட்டில் ஒருவருக்கு மறதி கூடுவதாகத் தெரிந்தால், கேலி பேசுவதை நிறுத்தி, மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கேலி செய்து பழகிய வீட்டில் நோய் வந்தாலும் யாருக்கும் தெரியாது. ‘அவர் எப்பவும் அப்படித்தான்’ என்று சிரித்தே காலம் கடத்திவிடுவார்கள்.

அறிந்தவற்றையெல்லாம் அறியாமற்போகும் தள்ளாத பருவம் வரை சிலர் கொண்டுபோகப்படுகிறார்கள் என்று திருமறை கூறுகிறது. நாயகம் (ஸல்) அவர்கள் அந்தப் பருவத்தை விட்டுப் பாதுகாவல் தேடியிருக்கிறார்கள். புத்தி பேதலித்தவர் மீது பேனா உயர்த்தப்பட்டுவிட்டது. அவர் மீது கேள்வி இல்லை. கேள்வியெல்லாம் பக்கத்தில் இருக்கும் நம் மீதுதான். முதுமையடைந்த பெற்றோரை ‘சீ’ என்றுகூடச் சொல்லாதே என்று அல்லாஹ் தடுத்திருக்கிறான். வேலைக்கு வந்த ஒரு சிறுவரைப் பத்து ஆண்டுகளில் ‘சீ’ என்று சொல்லாத நாயகத்தின் உம்மத்து நாம். நம்மைத் தொட்டிலிலிட்டு ஆட்டிய தாயை, கேட்டதையே கேட்கிறாள் என்பதற்காகக் கடிந்து பேசலாமா? சிறு வயதில் நாம் அவளிடம் ஒரே கேள்வியை எத்தனை தடவை கேட்டிருப்போம்!

வீட்டில் கடைப்பிடிக்க

நண்பரைக் கேலி செய்யாதீர்கள் என்று நாம் சொல்லவில்லை. செய்யுங்கள். ஆனால் மூன்று விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, அந்தக் கேலிக்கு அவரும் சிரிக்கிறாரா? உதடு சிரித்தால் போதாது. மறுநாளும் உங்களைத் தேடி வருகிறாரா என்று பாருங்கள். இரண்டாவது, பொய் சொல்லியோ பொருளை ஒளித்தோ அவர் மனத்தைக் குழப்பாதீர்கள். மூன்றாவது, கேலி செய்த வாய்க்குத் துணையாக உதவி செய்யும் கையும் இருக்கட்டும். மறந்த குடையை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் ஓடுங்கள். ஓடிக்கொண்டே வேண்டுமானால் கேலி பேசுங்கள்!

கொடுக்கல் வாங்கலை எழுதி வையுங்கள். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமே கடனை எழுதிக்கொள்வது பற்றியதுதான். மருந்து வேளை, ஜகாத் கணக்கு, களாத் தொழுகை, களா நோன்பு எல்லாவற்றுக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். மறதிக்காரரின் கணக்கில் ஏமாற்றுவது எளிது. ஆகையால் அவருடைய அமானிதம் மற்றவர்களுடையதைவிடக் கனமானது என்பதை நினைவில் வையுங்கள்.

நம் நண்பரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார்கள். இரத்தப் பரிசோதனையில் சத்துக் குறைவு தெரிந்தது. மருந்து சாப்பிடுகிறார். மறதி கொஞ்சம் குறைந்திருக்கிறது, முழுவதும் போகவில்லை. செருப்பை ஒளித்த பிள்ளைகள் அவர் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டார்கள். இப்போது பள்ளியில் அவர் நமக்கு வலப்பக்கம் நிற்கிறார். தனியாகத் தொழும் ஸுன்னத்தில் சந்தேகம் வந்தால், முடித்த பிறகு தயங்காமல் கேட்கிறார். நாமும் சிரிக்காமல் பதில் சொல்கிறோம். ‘ஞாபகசாலி’ என்ற பெயரை நாமே வாபஸ் வாங்கிக்கொண்டோம்.

சென்ற வாரம் மஃரிப் முடிந்து வெளியே வந்தோம். வீட்டு ஞாபகத்தில் செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கி, சாலை வரை வந்துவிட்டோம். பின்னாலிருந்து யாரோ நம் தோளைத் தொட்டார்கள். திரும்பினால் அவர்! வெறுங்காலோடு நிற்கிறார். முகம் நிறையச் சிரிப்பு. நம் காலைச் சுட்டிக் காட்டி ஒரே வார்த்தைதான் சொன்னார்:

“ஸுப்ஹானல்லாஹ்!”

குனிந்து பார்த்தோம். போட்டிருந்தது அவருடைய செருப்பு.

மறதி யாருக்கும் சொந்தமல்ல. இன்று அவருக்கு, நாளை நமக்கு. மறந்தாலோ தவறினாலோ பிடித்துவிடாதே என்று கேட்கும்படி பகரா அத்தியாயத்தின் கடைசி வசனத்தில் அல்லாஹ்வே நமக்குக் கற்றுத் தந்திருக்கிறான். அவனிடம் அந்த மன்னிப்பை எதிர்பார்க்கும் நாம், நம் சகோதரரின் மறதியை மட்டும் பிடித்துவைத்துச் சிரிக்கலாமா?

யா அல்லாஹ்! உன்னை மறவாத உள்ளத்தை எங்களுக்குத் தருவாயாக! எங்கள் முதியோரின் தள்ளாமையில் எங்கள் நாவை இனிமையாக்கி வைப்பாயாக! எங்கள் நண்பர்களின் குறைகளை மறைப்பவர்களாகவும், அவர்கள் மறந்ததை அன்போடு நினைவூட்டுபவர்களாகவும் எங்களை ஆக்குவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.